நடைபாதை பழுது நிதி: வார்டுக்கு வார்டு சமமா பிரிச்சா நியாயம் வந்துடுமா?

சென்னை மாநகராட்சி பட்ஜெட் வந்தா போதும், உடனே ஒரு சண்டை ஆரம்பிச்சிடும். எங்க ஏரியாவுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் தி.நகருக்கும் அண்ணா நகருக்கும் தான் போகுதுன்னு ஒரு பக்கம். வரி அதிகம் கட்டுறது நாங்க தான், அப்புறம் எங்க பிளாட்பார்ம் ஏன் இப்படி பல்லிளிக்குதுன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா ரெண்டு பேரும் "நியாயமா பிரிக்கணும்"னு சொல்லும்போது மனசுல வெச்சிருக்கிற கணக்கு வேற வேற. அந்த கணக்குகள் என்னென்ன, ஒவ்வொண்ணுலயும் யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம்னு அடியில இருந்து பார்ப்போம்.

முதல்ல, எந்த ரோடு யார் கையில?

நடைபாதைன்னா ரோட்டோரமா கெர்ப் கல் வெச்சு உயர்த்தி, நடக்கிறவங்களுக்குன்னு ஒதுக்கின இடம். ரோடுகளுக்கு தரம் வகுக்கிற அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் 2012ல வெளியிட்ட நடைபாதை விதிமுறைப்படி குடியிருப்பு தெருவுல குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாம இருக்கணும், கடைத்தெருவுல 2.5 மீட்டர். 1.8 மீட்டர்னு சும்மா வெக்கல, ரெண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே வந்தா ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போற அளவு அது. டிரான்ஸ்பார்மர், இபி பில்லர் பாக்ஸ், மரம், டீக்கடை பெஞ்ச் எல்லாத்தையும் கழிச்சிட்டு மிச்சம் இருக்கிறது தான் கணக்கு, இந்த இடத்துல தான் நம்ம ஊர் நடைபாதை பாதி பரிட்சைல தோத்துடுது.

சென்னை மாநகராட்சி ரோடுகள ரெண்டு வகையா பிரிச்சு வெச்சிருக்கு:

1. பஸ் ரூட் ரோடுகள்: மாநகராட்சி கணக்குப்படி 471 ரோடு, சுமார் 387 கி.மீ. இதை தலைமை அலுவலகத்துல இருக்கிற தனித் துறை பார்க்குது.
2. உள்தெருக்கள்: சுமார் 34,640 தெரு, 5,270 கி.மீ. இது மண்டல அலுவலகம், வார்டு இன்ஜினியர் வழியா நடக்குது.

அதாவது மொத்த நீளத்துல நூத்துக்கு ஏழு கூட வராத ரோடுகளுக்கு தனி துறை, தனி டெண்டர், தனி கவனம். பெரிய திட்டம், உலக வங்கி மாதிரி கடன், ஸ்மார்ட் சிட்டி பணம்னு எது வந்தாலும் முதல்ல கண்ணுல படுறது இந்த 387 கி.மீ. தான். இதுல தப்பு இல்ல, நிறைய பேர் நடக்கிறது அங்க தான். ஆனா வார்டுக்கு வார்டு பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பெரிய பங்கீடு நடந்து முடிஞ்சிடுது, அதுல கவுன்சிலர் சண்டை போட இடமே இல்லங்கிறத கவனிக்கணும். ஒரு வார்டுல பஸ் ரூட் ரோடு ரெண்டு மூணு ஓடுதுன்னா அந்த வார்டுக்கு பின்வாசல் வழியா கூடுதல் பங்கு கிடைச்ச மாதிரி.

உடையறதுக்கு யார் காரணம்?

நடைபாதை வயசாகி மட்டும் உடையல. மரத்தோட வேர் தூக்குது. கார் ஏத்தி நிறுத்துறாங்க, நடக்கிறவன் எடைக்கு போட்ட பேவர் பிளாக் ரெண்டு டன் வண்டிய எத்தனை நாள் தாங்கும். கேபிளுக்கு ஒருத்தர் வெட்டுறார், தண்ணி குழாய்க்கு இன்னொருத்தர், மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சியே வெட்டுது. வெட்டினவங்க மண்ணைப் போட்டு மூடிட்டு கல்லை மேல அடுக்கிட்டு போயிடுறாங்க, அடுத்த மழையில அது உள்வாங்குது. இதோட பழைய தாரை சுரண்டாம மேல மேல தார் போட்டு ரோடு உயர்ந்துகிட்டே போய் நடைபாதை பள்ளமாகிற கதையும் உண்டு, 2021ல தலைமைச் செயலாளரே பழைய லேயர சுரண்டி எடுத்துட்டு தான் புதுசு போடணும்னு உத்தரவு போட வேண்டி வந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, பங்கு பிரிக்கிற கணக்குக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு தெரு உடைஞ்சதுக்கு காரணம் கேபிள்காரர்னா அதை சரி பண்ற செலவு அவர் கட்டுற ரோடு கட் கட்டணத்துல இருந்து வரணும், மத்த வார்டுகளோட சேர்ந்து இருக்கிற பொதுப் பானையில கை வெக்கக் கூடாது. அந்தக் கட்டணத்தை எங்க வெட்டினாங்களோ அங்கேயே செலவழிக்கணும்னு தனியா எழுதி வெக்கலேன்னா பொதுக்கணக்குல கரைஞ்சு போயிடும்.

ஒரு கோடி ரூபா, ரெண்டு வார்டு, அஞ்சு கணக்கு

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கோடி ரூபா இருக்கு. ரெண்டே வார்டு.

வார்டு அ: பழைய ஊர். 40,000 பேர். 20 கி.மீ. தெரு, எல்லாத்துலயும் நடைபாதை இருக்கு, அதுல 2 கி.மீ. உடைஞ்சு கிடக்கு.

வார்டு ஆ: புதுசா ஊரோட சேர்ந்தது. 20,000 பேர். 15 கி.மீ. தெரு, 3 கி.மீ.ல தான் நடைபாதை, அதுல 1 கி.மீ. உடைஞ்சது. மிச்சம் 12 கி.மீ.ல நடைபாதையே கிடையாது.

1. வார்டுக்கு சமமா: அ 50 லட்சம், ஆ 50 லட்சம்.
2. ஆள் கணக்குல: அ சுமார் 67, ஆ 33.
3. இருக்கிற நடைபாதை நீளத்துல: அ 87, ஆ 13.
4. உடைஞ்ச நீளத்துல: அ 67, ஆ 33.
5. உடைஞ்சது + இல்லாதது நீளத்துல: அ 13, ஆ 87.

மூணாவதையும் அஞ்சாவதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. அப்படியே தலைகீழ். ரெண்டு வார்டும் மாறல, மக்கள் மாறல, பணமும் மாறல, எதை அளக்கணும்னு எடுத்த ஒரு முடிவு மட்டும் தான் மாறிச்சு. இதுல எந்த கணக்கு போட்டவரும் "நான் நியாயமா தான் பிரிச்சேன்"னு நெஞ்சு நிமிர்த்தி சொல்லலாம், பொய் இல்ல.

ஆறாவதா ஒண்ணு இருக்கு, வரி கட்டுற அளவுல பிரிக்கிறது. 2022ல சொத்து வரி ஏத்தினப்போ சென்னையோட பழைய பகுதிகள்ல வீட்டு அளவைப் பொறுத்து 50ல இருந்து 150 சதவீதம் வரை ஏறிச்சு, 2011ல சேர்ந்த பகுதிகளுக்கு 25ல இருந்து 100 வரை. அதனால பழைய பகுதி ஆளுங்க இந்த வாதத்தை அடிக்கடி எடுக்கிறாங்க. எனக்கு இது ஒத்து வரல. வரிங்கிறது சீட்டுப் பணம் இல்ல, போட்டவன் போட்ட அளவுக்கு எடுக்கிறதுக்கு. அப்புறம், பணக்கார தெருவுல கார் இருக்கு, நடந்தே வேலைக்குப் போறவங்க இருக்கிறது வேற தெருவுல.

சென்னையில சமம்னா என்ன அர்த்தம்?

2011ல சென்னை 174 சதுர கி.மீ.ல இருந்து 426 ஆச்சு. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மொத்தம் 42 உள்ளாட்சிகள உள்ள சேர்த்தாங்க. பழைய 155 வார்டை 107ஆ சுருக்கி, புது பகுதிகளுக்கு 93 வார்டு கொடுத்து 200 ஆக்கினாங்க. 2011 மக்கள்தொகை கணக்குல பழைய சென்னையில சுமார் 46.5 லட்சம் பேர், விரிவாக்கத்தோட சேர்த்து சுமார் 67 லட்சம்.

இப்போ வகுத்துப் பாருங்க. பழைய பகுதியில ஒரு வார்டுக்கு சராசரி 43,000 பேர் சொச்சம், பரப்பு 1.6 சதுர கி.மீ. புது பகுதியில ஒரு வார்டுக்கு சுமார் 22,000 பேர், பரப்பு 2.7 சதுர கி.மீ. (இதெல்லாம் 2011 நிலவரம், அதுக்கப்புறம் சோழிங்கநல்லூர் பக்கம், பெருங்குடி பக்கம் வீடுங்க எப்படி முளைச்சிருக்குன்னு அந்த ரோட்டுல ஒரு நாள் போனாலே தெரியும், அதனால ஆள் கணக்கு வித்தியாசம் இப்போ சுருங்கியிருக்கும்.)

கவுன்சிலர் வார்டு மேம்பாட்டு நிதி 200 வார்டுக்கும் ஒரே தொகை. இந்த ஒரே தொகை ஆள் கணக்குல பார்த்தா புது பகுதிக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, பரப்புக் கணக்குல பார்த்தா பழைய பகுதிக்கு ஒண்ணரை மடங்குக்கும் மேல. ராயபுரம்காரர் "ஆளுக்கு எங்களுக்கு பாதி தான்"னு சொன்னா கணக்கு சரி. மணலிக்காரர் "தெருவுக்கு எங்களுக்கு கால் காசு வரல"ன்னு சொன்னாலும் பெரிசா தப்பு சொல்ல முடியாது.

இன்னொண்ணு. 2016ல இருந்து 2022 வரை சென்னையில தேர்ந்தெடுத்த கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி தான். 2019ல திறந்த தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்த காலத்துல வந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தோட அமைப்பே ஒரு பகுதிய தேர்ந்தெடுத்து அங்க பணத்தைக் குவிக்கிறது, சென்னையில அது தி.நகர். அந்த இடம் இப்போ நடக்க நல்லா தான் இருக்கு, மறுக்கல. ஆனா 200 கவுன்சிலர் உட்கார்ந்து பேசி ஒரே தெருவுக்கு அவ்வளவு பணம்னு முடிவு பண்ணியிருப்பாங்களா? வாய்ப்பே இல்ல, ஆளுக்கு கொஞ்சம்னு பிச்சு எடுத்து 200 துண்டு போட்டிருப்பாங்க, ஒரு துண்டும் உருப்படியா முடிஞ்சிருக்காது. சமமா பிரிக்கிறதுல இருக்கிற இன்னொரு ஆபத்து இது. நடைபாதைங்கிறது தொடர்ச்சியா இருந்தா தான் நடைபாதை. 60 மீட்டர் கல்லு, அப்புறம் பள்ளம், அப்புறம் 40 மீட்டர் கல்லுன்னா ஜனங்க எல்லாத்தையும் விட்டுட்டு ரோட்டுல தான் நடப்பாங்க.

வெளியூர்ல எப்படி பண்ணாங்க?

அமெரிக்காவுல சிகாகோ தான் சமமா பிரிக்கிறதுக்கு பேர் போன ஊர். 50 வார்டு. 1994ல இருந்து "மெனு" திட்டம்னு ஒண்ணு ஓடுது, ஹோட்டல் மெனு மாதிரியே தான், ரோடு போடுறதுக்கு இவ்வளவு, நடைபாதைக்கு இவ்வளவு, தெருவிளக்குக்கு இவ்வளவு, வேகத்தடைக்கு இவ்வளவுன்னு விலைப்பட்டியல், வார்டு உறுப்பினர் தன் தொகைக்குள்ள எதை வேணா எடுத்துக்கலாம். நிறைய வருஷம் வார்டுக்கு 13.2 லட்சம் டாலர், பின்னாடி 15 லட்சம். 2017ல நகர நிர்வாகத்த கண்காணிக்கிற இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் (போலீஸ் ஐ.ஜி. இல்ல) தணிக்கை பண்ணி, தேவை எவ்வளவுன்னே பார்க்காம சமமா கொடுக்கிறதால வார்டுகளுக்குள்ள பெரிய ஏற்றத்தாழ்வு வருது, ஒட்டுமொத்த தேவைக்கும் இந்த பணம் காணலன்னு சொல்லிச்சு. சமம்னு ஆரம்பிச்சு ஏற்றத்தாழ்வுல போய் நின்னது தான் இதுல வேடிக்கை. இதுலயே ஒரு நல்ல கிளை, 2009-10ல 49வது வார்டு உறுப்பினர் ஜோ மூர் தன் பங்கை எதுக்கு செலவழிக்கலாம்னு மக்களையே ஓட்டு போட வெச்சார், அமெரிக்காவுல அப்படி நடந்தது அதான் முதல் தடவை. ஆனா அது வார்டுக்கு உள்ள பிரிக்கிறதுக்கு தான் உதவும். வார்டுக்கும் வார்டுக்கும் நடுவுல இருக்கிற பிரச்சனைய அது தொடவே இல்ல.

லாஸ் ஏஞ்சலஸ் கதை வேற ரகம். கலிபோர்னியா சட்டப்படி வீட்டு முன்னாடி நடைபாதை வீட்டுக்காரர் பொறுப்பு. 1970கள்ல மத்திய அரசு பணம் கொஞ்சம் வந்த தைரியத்துல, மர வேர் உடைச்சத நாங்களே சரி பண்றோம்னு மாநகராட்சி பொறுப்பு எடுத்துச்சு. பணம் தீர்ந்துச்சு, பொறுப்பு மட்டும் நின்னுச்சு. நாப்பது வருஷம் வேர் வளர்ந்துச்சு. சக்கர நாற்காலியில போறவங்க வழக்கு போட்டாங்க, 2002லயே சாக்ரமென்டோ நகரத்து மேல போட்ட வழக்குல நடைபாதையும் அமெரிக்க மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துக்குள்ள வரும்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்துச்சு. கடைசியில 2016ல லாஸ் ஏஞ்சலஸ் மேல போட்ட வில்லிட்ஸ் வழக்குல சமரசம்: 30 வருஷத்துல சுமார் 137 கோடி டாலர். முதல் அஞ்சு வருஷம் வருஷத்துக்கு 3.1 கோடி டாலர், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை 15.3 சதவீதம் ஏறணும்.

இந்த சமரசத்துல பகுதி பகுதியா பங்கே கிடையாது. இடத்தோட வகைக்கு தான் வரிசை:

1. அரசு அலுவலகங்கள் முன்னாடி
2. பஸ், ரயில் போற முக்கிய வழிகள்
3. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்
4. கடைத்தெரு, பொதுமக்கள் வந்து போற இடங்கள்
5. வேலை பார்க்கிற இடங்கள்
6. கடைசியா வீட்டுத் தெருக்கள்

இதோட, மாற்றுத்திறனாளி ஒருத்தர் "இந்த இடத்துல என்னால போக முடியல"ன்னு மனு கொடுத்தா அதுக்குன்னு தனியா ஒரு பங்கு ஒதுக்கி வெச்சாங்க. நியாயம்ங்கிறத "எந்த ஏரியா"ன்னு கேக்காம "யார் நடக்க முடியாம நிக்கிறாங்க"ன்னு கேட்டது, இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

ஆனா நடைமுறை வேற. வீட்டுக்காரரே முதல்ல சரி பண்ணிட்டா காசு திருப்பித் தர்ற திட்டம் ஒண்ணையும் கூட வெச்சாங்க, உச்ச வரம்பு பின்னாடி 10,000 டாலர் வரை போச்சு. கையில காசு வெச்சிருக்கிறவன் தான் முதல்ல செலவு பண்ண முடியும், அப்போ அந்த திட்டத்துல மானியம் எந்த தெரு பக்கம் போகும்னு சொல்லவே வேணாம். பந்திக்கு முந்துறவனுக்கு தான் வடை. 2021ல நகரத்தோட கணக்கை தணிக்கை பண்ற கன்ட்ரோலர் ரான் கால்பெரின் கொடுத்த அறிக்கையில, அஞ்சு வருஷத்துல நடைபாதை உள்ள மனைகள்ல ஒரு சதவீதம் கூட சரியாகி சான்று வாங்கலன்னு வந்துச்சு. ஒரு இடத்த தொட்டா முழுசா விதிப்படி மாத்தணும்னு வெச்சதால சின்னச் சின்ன வெடிப்பெல்லாம் வரிசையில தூங்கிச்சு.

இன்னொரு அமெரிக்க ஊர் டென்வர், சுருக்கமா: 2022 நவம்பர்ல மக்கள் ஓட்டு போட்டு, வீட்டுக்காரர் பொறுப்பா இருந்த நடைபாதைய நகரமே எடுத்துக்கிச்சு, பதிலுக்கு எல்லாரும் கட்டணம். முதல்ல வீட்டு முகப்பு நீளத்துக்கு ஏத்த மாதிரி கட்டணம்னு இருந்துச்சு, மூலை வீட்டுக்காரருக்கு ரெண்டு பக்கமும் நீளம், பில்லை நினைச்சு அலறிட்டாங்க, அப்புறம் பெரும்பாலான வீடுகளுக்கு வருஷம் 150 டாலர்னு ஒரே தொகை ஆக்கி 2025ல தொடங்கினாங்க. பணம் பிரிக்கிறதுல மட்டும் இல்ல, வசூல் பண்றதுலயும் இதே சண்டை தான்.

"பழுது"ங்கிற வார்த்தையில இருக்கிற பொறி

இப்போ மேல போட்ட அஞ்சு கணக்குக்கு திரும்ப வாங்க. பட்ஜெட்ல தலைப்பு "நடைபாதை பழுது பார்த்தல்"னு இருந்தா, மூணாவது நாலாவது கணக்கு மட்டும் தான் உள்ள வரும். நடைபாதையே இல்லாத தெருவுல பழுது பார்க்க என்ன இருக்கு? ஆவணத்துல அந்த தெருவுக்கு தேவை பூஜ்யம். இருக்கிற இடத்துக்கே திரும்பத் திரும்ப போகும், ஒரே தெருவுல அஞ்சு வருஷத்துல மூணு தடவை கல்லு மாறும், இல்லாத தெரு இல்லாமயே இருக்கும். யாரும் ஓரவஞ்சனை பண்ணணும்னு நினைச்சு பண்ணல, தலைப்பே அந்த வேலைய பண்ணிடுது.

புகார் வெச்சு வேலை எடுக்கிறதும் இதே மாதிரி தான். மாநகராட்சி புகார் எண் 1913க்கு போன் பண்றது, ஆப்ல போட்டோ போடுறது எல்லாம் நல்ல வசதி. ஆனா அழுத பிள்ளை தான் பால் குடிக்கும், குடியிருப்போர் சங்கம் உள்ள இடத்துல இருந்து நாப்பது புகார் வரும், தினக்கூலிக்கு காலைல ஆறு மணிக்கு கிளம்பி ராத்திரி வர்றவங்க தெருவுல இருந்து ஒண்ணு கூட வராது. புகார் எண்ணிக்கைய தேவைன்னு எடுத்துக்கிட்டா அமைதியா கஷ்டப்படுற தெரு கணக்குலயே வராது.

அப்போ எப்படி பிரிக்கலாம்?

என் கணக்குல இந்த வரிசையில போகணும்:

1. முதல்ல நடந்து பார்த்து கணக்கெடுப்பு. ஒவ்வொரு தெருவிலும் நடைபாதை இருக்கா, அகலம் எவ்வளவு, எத்தனை இடத்துல தடை, உடைஞ்சது எவ்வளவு. இந்த பட்டியல் வெளியில இருக்கணும். இது இல்லாம எந்த பார்முலா போட்டாலும் காத்துல படம் வரையிறது தான்.

2. ரெண்டு தனித் தலைப்பு. பழுதுக்கு ஒண்ணு, புதுசா போடுறதுக்கு ஒண்ணு. ஒண்ணோட பணத்தை இன்னொண்ணு தின்னக் கூடாது.

3. பழுது நிதிய உடைஞ்ச நீளத்தை வெச்சு பிரிக்கணும், கூடவே அந்த தெருவுல எத்தனை பேர் நடக்கிறாங்கன்னு எடை போடணும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் பக்கம் இருந்தா மதிப்பெண் கூட. நடந்து போறவங்க அடிபட்ட இடம்னா இன்னும் கூட. 2022ல இந்தியாவுல ரோடு விபத்துல செத்த 1,68,491 பேர்ல 32,825 பேர் நடந்து போனவங்க, இந்த எடை சும்மா அலங்காரத்துக்கு இல்ல.

4. புது நடைபாதை நிதிய இல்லாத நீளத்தை வெச்சு. ஆனா எல்லா சந்துக்கும் நடைபாதை தேவையில்ல. மூணு மீட்டர் சந்துல ரெண்டு பக்கமும் கல்லு வெச்சா அப்புறம் ஆட்டோ கூட நுழையாது, அங்க வண்டிய மெதுவா போக வெக்கிறது தான் வழி. 2014ல சென்னை மாநகராட்சி கொண்டு வந்த மோட்டார் வாகனம் இல்லாத போக்குவரத்துக் கொள்கையே போக்குவரத்து பட்ஜெட்ல 60 சதவீதம் நடக்கிறவங்க, சைக்கிள்காரங்க பக்கம் போகணும்னு இலக்கு வெச்சது. காகிதத்துல இருக்கிற அந்த இலக்க இந்த தலைப்புக்கு அடிப்படையா பிடிச்சுக்கலாம்.

5. ஒரு கால் பங்கை மட்டும் வார்டுக்கு சமமா விடலாம். தேவை கணக்குப்படி இது சரி இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா எந்த கவுன்சிலரும் "எனக்கு பூஜ்யம்"னு வர்ற பட்டியலுக்கு கை தூக்க மாட்டார். மன்றத்துல நிறைவேறாத நியாயமான பார்முலாவ விட, நிறைவேறுற முக்கால் நியாயம் மேல்.

6. வருஷா வருஷம் சின்னச் சின்னதா சிதறாம, ஒரு வார்டோட அஞ்சு வருஷப் பங்கை ஒரே வருஷத்துல கொடுத்து ஒரு முழு தெருத்தொடர முடிக்க விடலாம். யாருக்கு எந்த வருஷம்ங்கிறத மதிப்பெண் வரிசையில முன்னாடியே அறிவிச்சிடணும், இல்லன்னா எலெக்‌ஷன் வருஷத்துல யாருக்குன்னு புது சண்டை.

இதுல யாருக்கு வலிக்கும்?

இந்த மாதிரி மாத்தினா பழைய மண்டலங்கள்ல நல்ல நிலையில இருக்கிற தெருக்களுக்கு கல்லு மாத்துறது நிக்கும், அழகு படுத்துற வேலை நிக்கும். தெருவோர வியாபாரிகள் பக்கம் ஒரு பயம் வரும், அளக்க வந்தா நம்மள தூக்குவாங்களோன்னு. 2014 தெரு வியாபாரிகள் சட்டம் அவங்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்லுது, அதனால கணக்கெடுப்புல வியாபார இடத்தையும் சேர்த்தே அளந்து தான் அகலம் முடிவு பண்ணணும், ஆள தூக்கிட்டு அளக்கிறது இல்ல. இன்ஜினியர்களுக்கும் வேலை கூடும், சின்ன டெண்டர் பத்து போடுறத விட சர்வே நடத்துறது பிடிக்காது.

கோர்ட் பக்கமும் அழுத்தம் வருது. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம், நடைபாதையில நடக்கிற உரிமை அரசியல் சாசனத்தோட 21வது பிரிவுல வர்ற வாழ்வுரிமையில அடங்கும்னு சொல்லி, மாற்றுத்திறனாளிகளும் போற மாதிரி இருக்கணும்னு மாநிலங்கள விதிமுறை கொண்டு வரச் சொல்லியிருக்கு. உரிமைன்னு ஆயிட்டா "உங்க வார்டு பங்கு தீர்ந்துடுச்சு"ங்கிற பதில் கோர்ட்ல நிக்காது, லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்தது அதான். வழக்கு வந்து நீதிமன்றம் வரிசை போட்டுக் கொடுக்கிறதுக்கு முன்னாடி மாநகராட்சியே வரிசை போட்டுக்கிறது செலவு கம்மி.

தமிழ்நாட்டுல 2022ல வந்த விதிகள்படி வார்டு கமிட்டி, அந்தந்த பகுதி மக்கள் கூடிப் பேசுற ஏரியா சபைன்னு ரெண்டு அமைப்பு இருக்கு. அடுத்த தடவை ஏரியா சபையில பிளாட்பார்ம் பேச்சு வந்தா, "எங்களுக்கு எவ்வளவு"ன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி இருக்கு. நம்ம வார்டுல நடைபாதை இருக்கிற நீளம் எவ்வளவு, அதுல உடைஞ்சது எவ்வளவு, நடைபாதையே இல்லாத தெரு எத்தனை கி.மீ.